கூரைக்குக் கீழ ஓடுற பெரியம்மான்ர மகன்

பெரியம்மான்ர மகனை அமெரிக்காவில நல்லாத் தெரியும். முழு அமெரிக்காவுக்கும் இல்லை, உள்ளரங்கில விளையாடுற அமெரிக்கன் புட்போலைப் பார்க்கிற சனத்துக்கு மட்டும். ஐஸ் ஹொக்கி மண்டபத்தில பச்சைக் கார்ப்பெட் விரிச்சு, சுத்திவர மெத்தை வைச்ச சுவருக்குள்ள நிண்டு விளையாடுறது. இதை நான் கேக்காத ஆக்களுக்கும் விளக்குவன். விளக்கினால் அவன் கொஞ்சம் சின்னனாத் தெரிவான் எண்டு ஒரு நப்பாசை. வயித்தெரிச்சல்தான், வேற என்ன.

இங்க, நாங்கள் வளர்ந்த செவன் ஹில்ஸ் பக்கத்தில ஒரு கிளப்பில ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொடங்கினனாங்கள். நான் எறிவன், அவன் ஓடிப் பிடிப்பான். என்னைவிட ஒரு வயசு இளையவன், இண்டைக்கும் அண்ணா எண்டுதான் கூப்பிடுவான். அமெரிக்காவில இருந்து வந்த கோச் ஒராள் எங்கள் ரெண்டு பேரையும் அங்க வந்து விளையாடிக் காட்டச் சொன்னார். அவன் போயிட்டான். என்ர அம்மா சாப்பாட்டைத் தள்ளி வைச்சிட்டுப் படுத்திட்டா. "கை கால் முறிஞ்சு வந்தால் ஆர் பாக்கிறது? முதல்ல யூனிவர்சிற்றியை முடி" எண்டா. முடிச்சன். இப்ப ஒரு வெயர்ஹவுஸில மனேஜர். குறை சொல்ல ஏலாது.

ஞாயிறு காலமை அவன்ர மட்ச் வரும். நான் தேத்தண்ணியோட இருந்து, பந்தை எப்ப தவற விடுவான் எண்டு பாத்துக்கொண்டிருப்பன். விடமாட்டான், பாழாய்ப் போனவன். பிடிச்ச கையோட சுவருக்கு மேலால பறந்துபோய்ச் சனத்தின்ர மடியில விழுவான். அதுகள் கட்டிப்பிடிச்சுத் தூக்கி விடுங்கள். பக்கத்துக் கதிரையில அம்மா கை தட்டுவா.

"சின்ன இடம்தானே அம்மா, பிடிக்கிறது லேசு" எண்டுவன். பொய். அந்தச் சின்ன இடத்தில மூச்சு விடவும் நேரமில்லை. எறிஞ்சு பழகினவனுக்கு அது தெரியும்.

இந்த வருஷம் அவன் விளையாட்டை விட்டிட்டான். எனக்குச் சந்தோசம், வெக்கமில்லாமல் சொல்லுறன். இனிச் சனம் மறந்திடும் எண்டு நினைச்சன். எங்க மறந்திச்சினம்? அங்க அவன்ர ஜெர்சியை மரியாதைக்கு மண்டபத்துக் கூரையில தூக்கிக் கட்டிச்சினம். இங்க எங்கட ஆக்கள் அவனைக் கூப்பிட்டு ஒரு ஹோல் வாடகைக்கு எடுத்துப் பொன்னாடை போட்டினம்.

மேடையில அவன் மைக்கைப் பிடிச்சு, "அண்ணா எறிஞ்சதைப் பிடிச்சுத்தான் நான் பழகினனான். அவர் என்னைவிடக் கெட்டிக்காரன்" எண்டான். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்துக் கை தட்டிச்சினம். எனக்கு இன்னும் கூடப் பத்திச்சுது. வெண்டவனுக்குப் பெருந்தன்மை காட்டுறதில என்ன கஷ்டம்?

சாப்பாட்டு லைனில நிக்கேக்க அம்மா கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்ர முழங்கையைப் பிடிச்சா.

"நீயும் அப்பவே போயிருக்கலாம்தானே ராசா. ஆர் உன்னை மறிச்சது?"

பகிடி விடுறாவோ எண்டு முகத்தைப் பாத்தன். இல்லை. உண்மையாவே மறந்து போனா.

"ஒருத்தரும் மறிக்கேல்லை அம்மா" எண்டன்.