தகரப் பெட்டியில் வந்த பாலைவனம்

புதன்கிழமை பின்னேரம் ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அம்மா என்னை மண் எடுத்துவரக் கீழே அனுப்பினார். நேரம் இவ்வளவு சரியாக நினைவிருப்பதற்குக் காரணம் உண்டு. தம்பிக்குக் காய்ச்சல் மருந்து கொடுக்கும் நேரத்தையெல்லாம் ஒரு தாளில் எழுதிவைக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு அந்தத் தாளின் பிரெஞ்சு விளங்காது என்பதால் எழுதுவது என் வேலை. ‘18.10’ என்று எழுதிப் பேனாவை வைத்ததும் அம்மா அடுத்த வேலையைச் சொன்னார்.

எண்பதுகளின் பிற்பகுதி. ஃப்ரிபூர்க்கில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. எனக்கு ஒன்பது வயது, தம்பிக்குப் பதினொரு மாதம். மருத்துவர் தொண்டையில் அழற்சி என்றார். அம்மா அதை மறுக்கவில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு வயதான பெண் தம்பியின் கன்னத்தைக் கிள்ளி, எவ்வளவு கொழுகொழு பிள்ளை என்று சொல்லியிருந்தார். அதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான். ஆகவே மருந்தோடு, கண்பட்டதற்கு நாவூறும் கழிக்க வேண்டும். உப்பு இருந்தது, செத்தல் மிளகாய் இருந்தது. மண்தான் இல்லை.

“சனம் நடக்கிற இடத்தில ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வா. போகேக்கயும் வரேக்கயும் ஒருத்தரோடயும் கதைக்கக் கூடாது.”

“கீழ மண் இல்லை அம்மா. எல்லாம் ஸ்னோ.”

“ஸ்னோவுக்குக் கீழ என்ன, வானமோ? கிண்டிப் பார்.”

தேக்கரண்டியோடு போய்க் கிண்டினேன். உறைந்த நிலம் கரண்டியை வளைத்ததே தவிர ஒரு துகளும் தரவில்லை. படிக்கட்டின் அடியில், வழுக்காமல் இருக்க வாசலில் தூவும் கல் நிரம்பிய பெட்டி ஒன்று இருந்தது. ஆனால் அது உடைத்த கல், மண் அல்ல. அந்த நேரம் கட்டடக் காவலாளி வந்து மாலை வணக்கம் சொன்னார். கதைக்கக் கூடாது என்பதால் வாயை இறுக மூடிக்கொண்டு மேலே ஓடினேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு வணக்கம் சொன்னதில்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும், குளிர் அங்கிகளுக்குக் கீழே அப்பாவின் பொதி கண்ணில் பட்டது.

அப்பா காலையில் ஒரு மண் ஆராய்ச்சி நிலையத்தில் துப்புரவு வேலை செய்தார், மாலையில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அன்று பின்னேரம் ரயில் நிலையத்தில் ஒரு பொதியை எடுத்துவரும்படி அப்பா ‘மடாம்’ என்று அழைக்கும் ஆராய்ச்சி நிலையத்து அம்மையார் கேட்டிருந்தார். பனியால் ரயில் பிந்தியது; பொதி கைக்கு வரும்போது ஆராய்ச்சி நிலையத்தைப் பூட்டிவிட்டார்கள். காலையில் கொடுக்கலாம் என்று, நான் கீழே போவதற்குச் சற்று முன்புதான் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா உணவகத்துக்கு ஓடினார். போகும்போது, “மடாமின்ர சாமான், ஒருத்தரும் கை வையாதேங்கோ. பாலைவனத்து மண்ணாம். மண்ணையும் பார்சல் கட்டி அனுப்புறாங்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கடைசி இரண்டு வசனங்களை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாலைவனத்திலும் சனம் நடக்கும்தானே என்று யோசித்தேன். நான் இன்னும் ஒருவரோடும் கதைக்கவில்லை. எல்லாம் பொருந்தியது.

அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் தட்டையான மூன்று தகரப் பெட்டிகள். மேலே இருந்ததைத் திறந்தேன். அள்ளலாம் என்று நினைத்தால் அது தூளாக இருக்கவில்லை. சின்னக் கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி, யாரோ குந்தியிருந்து பதித்த தரை போல இருந்தன. கற்களின் மேல்பக்கம் எண்ணெய் பூசியதுபோல் கறுத்து மினுங்கியது. ஒன்றைக் கிளப்பினேன், அதன் அடிப்பக்கம் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை. கல்லுக்குக் கீழே பழத்தின் தோல் போல வெளிறிய ஒரு தோடு. அழுத்தியதும் நொறுங்கியது. உள்ளே பாண் ரொட்டியின் உட்புறம் போல எங்கும் சின்னச் சின்ன ஓட்டைகள். அதற்கும் கீழே மாவு போன்ற மண், அதில் வெள்ளைப் புள்ளிகள். விரலை நக்கிப் பார்த்தேன். உப்பு.

ஒரு பிடி அள்ளினேன். சின்னப் பிடிதான். ஆனால் பெட்டியும் சின்னது.

அம்மா மண்ணையும் உப்பையும் மிளகாயையும் சேர்த்துத் தம்பியின் தலையை மூன்று முறை சுற்றி, மின்னடுப்பில் காய்ந்த சட்டியில் போட்டார். சட்டி படபடவென்று வெடித்தது. ஊரில் கூட அப்படி வெடித்ததை அம்மா கண்டதில்லையாம். “பாத்தியோ, எவ்வளவு கண் எண்டு” என்றார். இருமி இருமி யன்னலைத் திறந்தோம். கொஞ்ச நேரத்தில் தம்பிக்கு வியர்த்தது, காய்ச்சல் இறங்கியது, தூங்கிவிட்டான். மருந்தும் அந்த நேரத்துக்குத்தான் வேலைசெய்யத் தொடங்கியிருக்கும். அதைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

எனக்கு மட்டும் பெட்டியில் இருந்த பள்ளம் நினைவில் குத்தியது. அம்மா தம்பியோடு படுத்திருக்க, கீழே போய் வாசல் கல்லில் இரண்டு பிடி கொண்டுவந்து பள்ளத்தை நிரப்பினேன். உப்பாக இருந்தது நினைவுக்கு வர, சமையல் உப்பு இரண்டு கரண்டி தூவினேன். கறுத்த கற்களைத் திரும்ப மேலே அடுக்கினேன். வெள்ளைப் பக்கம் அழகாக இருந்ததால் சிலவற்றை அந்தப் பக்கம் மேலே தெரிய வைத்தேன். பொதியை முன்போலக் கட்டினேன். கட்டியபின் எனக்கே திருப்தியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அப்பா சப்பாத்தைக் கழற்றாமல் வந்து கதிரையில் இருந்தார்.

“மடாம் பெட்டியைத் திறந்து ஒரு கல்லில அசிட் விட்டவ. நுரைக்கேல்லை. இன்னொண்டில விட்டவ, அதுவும் நுரைக்கேல்லை. பிறகு என்னைப் பாத்து என்னவோ கேட்டவ.”

“என்ன கேட்டவ?” என்றார் அம்மா.

“விளங்கேல்லை. நான் ஓம் மடாம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“எதுக்கு ஓம் எண்டனீங்கள்?”

“அதுதான் எனக்கும் தெரியேல்லை.”

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். சனிக்கிழமை பத்து மணிக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறேன், உங்கள் மகளும் இருக்கட்டும் என்று எழுதியிருந்தது. அதை வாசித்துத் தமிழில் சொன்னேன்.

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டும் என்று எங்கள் வழக்கைப் பார்த்த சட்டத்தரணி கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை எழுதித் தரும்படி திங்கட்கிழமைதான் அப்பா மடாமிடம் கேட்டிருந்தார். “களவு எண்டு ஒரு சொல் எழுதினாக் காணும்” என்றார் அப்பா. “நேர பேர்னில இருக்கிற அகதி அலுவலகத்துக்குப் போய் எங்கட ஃபைலுக்குள்ள இருந்துகொள்ளும்.”

இத்தனை வருடங்களுக்குப் பிறகு, போன மாதம் என் மகள் பள்ளி ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்துவிட்டாள் என்று தொலைபேசி வந்தது. கையில் வெட்டுப்பட்டதா என்று கேட்பதற்கு முன்பு எனக்கு எங்கள் பழைய வதிவிட அனுமதி அட்டைதான் நினைவுக்கு வந்தது. நாங்கள் குடியுரிமை பெற்று இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஆசிரியை சாதாரணமாகத்தான் கதைத்தார். நான் அலுவலகக் கழிப்பறையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை, வருபவருக்காக அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அகப்பை எண்ணெயில் நின்றது.

“அப்ப தம்பிக்குச் சுத்தினது அந்த மண்ணோ?”

“ஓம்.”

அம்மா தம்பி படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். “அதுதான் அப்பிடி வெடிச்சது” என்றார். பிறகு வடை கருகுவதைக் கண்டு, அடுப்பை நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “மடாம் கேட்டா, அப்பாதான் திறந்தவர் எண்டு சொல்லு.”

“நான் திறந்ததெண்டு சொல்லட்டும்” என்றார் அம்மா. “எனக்கு வேலையே இல்லை. என்னை எதில இருந்து நிப்பாட்டுறது?”

“சும்மா இரும். பொதிக்குப் பொறுப்பு நான்.”

பத்து மணிக்கு மணி அடித்தது. பத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மடாம் நெட்டையானவர். தை மாதக் குளிரிலும் அவர் மூக்கு பாலைவன வெயிலில் உரிந்து சிவந்திருந்தது. தகரப் பெட்டியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தார். மெதுவாகக் கதைத்தார், நான் மொழிபெயர்த்தேன்.

அது ஆடும் ஒட்டகமும் மேயும் ஒரு வறண்ட வெளியின் மண். மேலே கல், அதன் கீழே தோடு. அந்தத் தோடு இருக்கும்வரை காற்று மண்ணை அள்ளாது; மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கத் தயங்கும். உப்பு இருப்பதால் அங்கே சில செடிகள்தான் முளைக்கும், அந்தச் செடிகளுக்காகத்தான் ஆடுகள் வரும். ஆட்டின் குளம்பு பட்டால் தோடு உடையும். எந்தக் குளம்பும் படாத ஓர் இடத்திலிருந்து அவர் இதைப் பெயர்த்து எடுத்திருந்தார். அசிட் விட்டால் பாலைவனத்துக் கல்லின் வெள்ளை அடி நுரைக்கும். இந்தச் சாம்பல் நிறக் கற்கள் நுரைக்கவில்லை. இந்த உப்பு ஒரே அளவாக இருக்கிறது, இது கடை உப்பு. சில கற்கள் தலைகீழாகக் கிடக்கின்றன. “பெட்டிக்குள் ஓர் ஆடு புகுந்திருக்கிறது” என்று முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

“நான்தான் திறந்தனான் எண்டு சொல்லு” என்றார் அப்பா.

நான் மடாமின் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் சொன்னேன். திறந்தது நான், தம்பிக்குக் காய்ச்சல், கீழே நிலம் உறைந்திருந்தது, சட்டியில் வெடித்தது, கல்லும் உப்பும் நான் போட்டவை. அப்பாவுக்குத் தன் ஒரு வசனம் இவ்வளவு நீளமாகப் போவது பிடிக்கவில்லை. “நான் சொன்னதை மட்டும் சொல்லு” என்றார்.

மடாம் அம்மாவிடம் திரும்பி, மண் எப்படி வெடித்தது என்று கேட்டார். அம்மா விரல்களைச் சட்டென்று விரித்து விரித்துக் காட்டினார். மடாம் ஒரு குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். தம்பியைப் பார்க்கலாமா என்றார். அம்மா தூக்கிவந்தார். மடாம் கன்னத்தைக் கிள்ளவில்லை, கொழுகொழு என்று சொல்லவில்லை; நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார். அம்மாவின் தோள் இறங்கியதை நான் கண்டேன்.

பிறகு மடாம் பெட்டியை மூடிக்கொண்டு என்னிடம் கொஞ்சம் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன். அப்பா இன்னொருமுறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை கேட்டதும் எழுந்து குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் ஓடியது. பாத்திரங்களையெல்லாம் அம்மா முன்பே கழுவி வைத்திருந்தார். அடி விழாது என்ற நிம்மதியில் இருந்த எனக்கு, இதற்கெல்லாம் ஒருவர் ஏன் எழுந்துபோய்க் குழாயைத் திறக்க வேண்டும் என்று விளங்கவில்லை. மடாம் சொன்னது இவ்வளவுதான்:

“பெட்டியில் திறக்கக் கூடாது என்று நான் எழுதவில்லை, அது என் பிழை. இன்னும் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. உன் அப்பா கேட்ட நற்சான்றுக் கடிதத்தை நேற்று மாலையே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன் என்று அவரிடம் சொல்.”