உயிரோடிருப்பவளுக்கு ஒரு நிமிட மௌனம்

ஹகுவால் மேட்டுக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஏறி வருகிறதென்றால் ஒன்று எவனாவது செத்திருப்பான், இல்லை எவனாவது ஓட்டுக் கேட்பான். அன்றைக்கு வந்த வண்டி இரண்டிலும் சேராதது. மிக்தாலியா பபோன் வீட்டு வாசலில் உட்கார்ந்து துவரை உரித்துக்கொண்டிருந்தாள். வண்டி வளைவில் திணறி, அவள் வேலியோரம் வந்து, காதுக்குள் வாயை வைத்ததுபோல் கத்தியது. சபானா ஓந்தா ஊர்த் திருவிழாவின் கூடைப்பந்துப் போட்டி வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலிசேயோ அரங்கத்தில் தொடங்குகிறதாம். இந்த வருடப் போட்டி, மறைந்த மாபெரும் வீராங்கனை மிக்தாலியா பபோன் அவர்களின் நினைவுக்குக் காணிக்கையாம். எல்லோரும் வரவேண்டுமாம்.

காதில்தான் கோளாறு என்று நினைத்தாள். வண்டி மேலே போய்த் திரும்பி இறங்கும்போது அவளை இன்னொரு முறை சாகடித்தது. மடியிலிருந்த துவரைத் தொலியெல்லாம் உதிர எழுந்து போய் சாலை நடுவில் நின்றாள். ஓட்டுகிறவன் பக்கத்து ஊர்க்காரன், கூலிக்குக் கத்துகிறவன். பிரேக் போட்டான். அந்தம்மா செத்துப்போனதாக உனக்கு யார் சொன்னது என்று கேட்டாள்.

“எனக்கென்ன தெரியும் டோன்யா, குடுத்ததை வாசிக்கிறேன். உங்களுக்குச் சொந்தமா?” டோன்யா என்று மரியாதை வைத்தே கேட்டான்.

“ஆமா. ரொம்ப நெருங்கின சொந்தம்.”

அவன் தொப்பியைக் கழற்றி வருத்தம் சொல்லிவிட்டுப் போனான். அவள் ரத்தம் கொதித்தது வண்டிக்காரன் மேல் அல்ல.

சபானா ஓந்தாவிலும் சுற்றியுள்ள மலையூர்களிலும் எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் மிக்தாலியா என்றால் என்னவென்று சொல்லும். டீமில் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை ஓட்டுகிறவள். கடற்கரைப் பக்கத்தில் அவளைப் பாயிண்ட் கார்டு என்பார்கள். இங்கே, “இன்னைக்கு யாருடி மிக்தாலியா?” என்றுதான் கேட்பார்கள். அந்தப் பெயரில் ஒரு மனுஷி இருந்தாள், அவள் இன்னும் சோறு தின்றுகொண்டு மேட்டில் இருக்கிறாள் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. பெயரை எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டார்கள், ஆளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

எழுபதுகளில் ஊரில் உள்பாடி தைக்கும் ஃபாக்டரி ஒன்று இருந்தது. பாதி ஊர்ப் பெண்கள் அங்கேதான் மிஷின் மிதித்தார்கள். ஃபாக்டரிக்குப் பெண்கள் டீம் ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் ஆடுவதைப் பார்த்தால் வாழைத்தோப்பைப் பார்த்ததுபோல் இருக்கும். நட்ட இடத்தில் நிற்பார்கள். பந்து வந்தால் சூடுபட்டதுபோல் உயரமானவள் பக்கம் எறிந்துவிடுவார்கள். தட்டிக்கொண்டு ஓடுவது ஆண்பிள்ளை வேலை.

மிக்தாலியா குள்ளம். எறிந்தாலும் எட்டாது. ஹகுவாலில் சமதரை என்று ஒன்று கிடையாது, பந்தை விட்டால் அது ஆற்றில்தான் போய் நிற்கும். அதனால் சிறுவயதிலிருந்தே பந்தை முட்டிக்கு மேல் எழும்ப விடாமல், காலோடு ஒட்டி, குனிந்து பார்க்காமல் தட்டிப் பழகியிருந்தாள். ஃபாக்டரி டீமில் சேர்ந்த முதல் ஆட்டத்திலேயே பந்தை யாருக்கும் கொடுக்காமல் தானே கொண்டு ஓடினாள். வேலியில் சாய்ந்திருந்த ஆண்கள் குள்ளி, குள்ளி என்று கத்தினார்கள். இரண்டு பனைமரம்போல் நின்றவர்களுக்கு நடுவே புகுந்து, முதுகுக்குப் பின்னால் பந்தைத் தள்ளினாள். அது ஐதே ரோமானின் நெஞ்சில் மோதியது. ஐதே பக்கத்து மிஷின்காரி, டீமின் உயரமானவள். திகைத்துப்போய்க் கூடையில் போட்டாள். போட்டுவிட்டு வந்து மிக்தாலியாவைத் திட்டினாள். “குடுக்கறதுன்னா சொல்லிட்டுக் குடுடி, பாவி. மாரே கழண்டு விழுந்துடுச்சு.”

சொல்லிவிட்டுக் கொடுக்கிற பழக்கம் அவளுக்கு வரவே இல்லை. மற்ற நாலுபேர்தான் கண்ணைத் திறந்துவைத்துக்கொள்ளப் பழகினார்கள். கொஞ்ச காலத்தில் மலையூர்களில் ஒவ்வொரு டீமும் குள்ளமாக, வாய்த்துடுக்காக ஒருத்தியைத் தேடிப்பிடித்துப் பந்தைக் கையில் கொடுக்க ஆரம்பித்தது. எங்களுக்கும் ஒரு மிக்தாலியா வேண்டும் என்றார்கள். ஆண்கள் டீம்காரன்களும் வேலியோரம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போய் அதையே ஆடினான்கள். ஒருவனும் யாரிடம் கற்றேன் என்று வாய் திறக்கவில்லை.

எழுபத்தேழில் அவர்கள் டீம் இறுதி ஆட்டத்துக்கு வந்தது. கொலிசேயோவுக்குக் கூரை போட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆட்டம் அங்கே என்றுதான் பேச்சு. சாவி கொன்ஃபெசோர் அலிசேயாவிடம் இருந்தது. அன்று அவன் அரங்கத்து மேஸ்திரி. ஆண்கள் டீம் பயிற்சி எடுக்கவேண்டும், பெண்கள் பள்ளிக்கூடத்துத் திறந்தவெளி மைதானத்தில் ஆடட்டும் என்றுவிட்டான். மழை பெய்தது. கூரைக்கடியில் ஆண்கள் காலியான நாற்காலிகளுக்கு முன்னால் பயிற்சி எடுத்தார்கள். வெளியே, நனைந்த சிமெண்டில் மிக்தாலியா வழுக்கி விழுந்து முட்டி பிய்ந்தது. ஆட்டம் போயிற்று. அவள் ஆடியதும் அதோடு சரி. மூன்று வருடத்தில் ஃபாக்டரியையும் மூடினார்கள். அவள் கடல் தாண்டி வடக்கே கனெடிகட்டுக்குப் போய், ஒரு முதியோர் இல்லத்தில் துணி வெளுத்து, பென்ஷனோடு மேட்டுக்குத் திரும்பி வந்தாள். அந்தக் கூரைக்கடியில் அவளோ வேறெந்தப் பெண்ணோ இதுவரை ஓர் ஆட்டம் ஆடியதில்லை. மழை வந்தால் இப்போதும் அவள் முட்டி வலிக்கும். முட்டியைவிட அந்தக் கூரைதான் அதிகமாக வலிக்கும்.

வண்டி வந்த மறுநாள் காலை நகராட்சி அலுவலகத்துக்கு இறங்கிப் போனாள். கொன்ஃபெசோர் இப்போது நகராட்சி விளையாட்டுத்துறைக்கே தலைவர், மரியாதை சேர்த்து டொன் கொன்ஃபெசோர். தலையில் மயிரில்லை, மற்றபடி அதே ஆள். அவளைப் பார்த்ததும் காப்பி சட்டையில் சிந்தியது.

போன வருடம் அவள் தங்கை நில்சா செத்தபோது, பபோன் வீட்டுப் பெண், ஃபாக்டரியில் தைத்தவள் என்று ஒலிபெருக்கி வண்டியில் ஊரெல்லாம் கத்தினார்கள். இவர் அதைக் கேட்டு இவள்தான் போய்விட்டாள் என்று முடிவு கட்டியிருக்கிறார். மலர்வளையம்கூட அனுப்பினாராம். எந்தப் பெயருக்கு அனுப்பினார் என்று அவர் பார்க்கவில்லை, பூக்கடைக்காரனும் பார்க்கவில்லை.

சரி, உயிரோடுதான் இருக்கிறேன், அதை மாற்றிச் சொல்லுங்கள் என்றாள் மிக்தாலியா. அதுதான் முடியாது என்றார் அவர். திருவிழாப் போட்டியை உயிரோடிருப்பவர்களுக்குக் காணிக்கையாக்கும் வழக்கம் ஊரில் இல்லை. முன்னொரு காலத்தில் ஒரு மருந்துக்கடைக்காரருக்குக் காணிக்கையாக்கி, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆள் சிவப்புக் கட்சியிலிருந்து நீலக் கட்சிக்குத் தாவி, பாதி அரங்கம் எழுந்து வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து செத்தவர்களுக்கு மட்டும்தான். செத்தவன் கட்சி மாறமாட்டான். பேனர் எழுதியாயிற்று, பனியன் அச்சடித்தாயிற்று என்று மேஜையில் விரித்துக் காட்டினார். அவள் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை போட்டிருந்தது.

பிறகு கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். “இந்த ஒரு வாரம் மட்டும் மேட்டுலயே இருந்துடுங்களேன் டோன்யா. திருவிழா முடியட்டும். அப்புறம் நானே வந்து பாக்கறேன்.”

அதாவது ஒரு வாரத்துக்குச் செத்திருக்கச் சொன்னார்.

அவள் பனியனை மடித்து வைத்தாள். “என் பேர்ல நடக்கற போட்டியில பொம்பளை டீம் எத்தனை?”

ஒன்றும் இல்லை. பெண்கள் யாரும் பதிவு செய்யவில்லை என்றார். பதிவு எங்கே நடந்தது என்று கேட்டாள். ஆண்கள் டீம்களின் கூட்டத்தில் என்றார். சொல்லும்போதே அதன் லட்சணம் அவர் காதிலேயே விழுந்திருக்கவேண்டும், முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை முதல் ஆட்டம் பெண்கள் ஆட்டமாக இருக்கட்டும், அந்தக் கூரைக்கடியில் ஒரே ஓர் ஆட்டம், அப்புறம் என்னை எங்கே வேண்டுமானாலும் புதைத்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர் சிரித்தார். நேரம் இல்லையாம். ஆண்கள் ஆட்டம் ஏழு மணிக்காம். மேயர் வருகிறாராம்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்கமுடியவில்லை. நேராக ஐதே வீட்டுக்குப் போனாள். ஐதே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்த வயதில் ஆடித் தான் செத்தால் மலர்வளையத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டாள். பிறகு ஃபாக்டரிக்காரிகள் இன்னும் மூன்று பேருக்குப் போன் போட்டாள். ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு இடுப்பு, ஒருத்திக்குக் கணவன். மூன்றுபேரும் வருகிறேன் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொலிசேயோ நிறைந்திருந்தது. வெளியே கருவாட்டு அடை பொரிகிற வாசனை உள்ளே வரை வந்தது. மேயரும் பாதிரியாரும் மேடையில். இரண்டு ஆண்கள் டீமும் வரிசையாக, சிலுவை போட்ட பனியனில். கொன்ஃபெசோர் நடுவட்டத்தில் நின்று மைக்கைப் பிடித்து, நமது மலைப்பெண்களுக்குப் பாதை போட்டவர் என்று உருகினார். குரல்கூடக் கம்மியது, வெட்கம் கெட்ட ஆள். பிறகு எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னார்.

ஊரே எழுந்தது. தொப்பிகள் இறங்கின. குழந்தைகள்கூட வாயை மூடிக்கொண்டன.

அந்த மௌனத்துக்குள் பந்து தட்டுகிற சத்தம் கேட்டது. வாசல் பக்கத்திலிருந்து. அவசரமில்லாமல், தாழ்வாக. யாருடா அது மரியாதை கெட்ட ஜென்மம் என்று நாலைந்து தலைகள் திரும்பின. முட்டி ஒரு பக்கம் சாய, பந்தைப் பார்க்காமல், மேடையை முறைத்துக்கொண்டு ஒருத்தி நடந்து வந்தாள். பின்னால் நாலு கிழவிகள். படிக்கட்டில் நின்ற பழைய ஃபாக்டரி மெக்கானிக் ஒருவர்தான் முதலில் வாய் திறந்தார். “ஐயோ சாமி. அது மிக்தாலியா.” பக்கத்திலிருந்தவள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நடுவட்டத்துக்கு வந்து நின்று, கொன்ஃபெசோர் கையிலிருந்த மைக்குக்குக் கையை நீட்டினாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்குக் கொடுக்காமல் வழியில்லை.

“என் சாவுக்கு வந்ததுக்கு எல்லாருக்கும் நன்றி. உக்காருங்க, கால் வலிக்கும். இந்தக் கூரைக்குக் கீழ இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் ஆடினதில்ல. ஏன்னு இந்த ஆளைக் கேளுங்க. இன்னைக்கு மொதல் ஆட்டம் எங்களுது. எதுத்து ஆட அஞ்சு பேரு இறங்கி வாங்க.”

சிரிப்பு வந்தது, விசில் வந்தது, கொஞ்சம் திட்டும் வந்தது. ஆண்கள் டீம் ஒன்றின் தலைவன் கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, பாட்டி, எங்கள் நேரம் போகிறது என்றான். ஐதே அவன் முன்னால் போய் நின்றாள். “யாருடா பாட்டி? ஒன் அப்பன் அம்மணமா ஓடினப்ப காது முறுக்கினவ நானு. தள்ளி நில்லு.” அவன் தள்ளி நின்றான்.

படிக்கட்டுகளிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். ஐந்து பேர் கேட்டதற்கு முப்பது பேருக்கு மேல் இறங்கினார்கள். செருப்போடு வந்தவர்கள் ஆண்களின் ஷூவைக் கழற்றி வாங்கினார்கள். அவர்களுக்குள் யார் மிக்தாலியா என்று சண்டை வேறு. நடுவர் வெளியூர்க்காரர், விசில் ஊதத்தான் கூலி வாங்கியிருந்தார். மற்றவர்கள் கோட்டோரம் முறைக்குக் காத்திருக்க, உள்ளே பத்துபேர் நிற்பதைப் பார்த்தார், பந்தை மேலே எறிந்தார்.

அவளால் ஓட முடியவில்லை. நடுக்கோட்டில் நின்றபடியே ஆட்டத்தை ஓட்டினாள். பந்து அவள் கைக்கு வந்த வேகத்தில், அவள் பார்க்காத பக்கம் போய்ச் சேர்ந்தது. ஐதே மூன்று கூடை போட்டாள், நாலாவதைத் தவறவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னாள், பாதிரியார் கூரையைப் பார்த்தார். இளசுகள் கிழவிகளைச் சுற்றிச் சுற்றி ஓடி ஜெயித்தார்கள். ஜெயிக்கத்தானே செய்வார்கள்.

முடிந்ததும் கொன்ஃபெசோர் கைதட்டிக்கொண்டே வந்தார். அருமை, மறக்கமுடியாத காட்சி, இனி ஆண்கள் ஆட்டம் என்றார். மிக்தாலியா பந்தை இடுக்கிக்கொண்டு நடுவட்டத்தில் உட்கார்ந்தாள். முட்டி மடங்காததால் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“அடுத்த வருஷம்?”

கமிட்டியில் பேசுவோம் என்று முணுமுணுத்தார்.

“கமிட்டி வேணாம். மைக்ல சொல்லு, கொன்ஃபெசோர்.”

டொன்னும் போயிற்று, மரியாதையும் போயிற்று. சபானா ஓந்தாவில் ஓர் ஆள் தாளில் கையெழுத்துப் போட்டதைக் கிழித்துவிடலாம். இரண்டு கட்சிக்காரனும் உட்கார்ந்திருக்கும்போது மைக்கில் சொன்னதை விழுங்கமுடியாது. ஒருவன் மறந்தாலும் மற்றவன் சாகும்வரை சொல்லிக்காட்டுவான். அவர் மேயரைப் பார்த்தார். தேர்தல் பக்கத்தில் இருந்தது. மேயர் தலையாட்டினார். அடுத்த வருடத்திலிருந்து பெண்கள் போட்டி, இதே அரங்கத்தில், இதே நேரத்தில் என்று கொன்ஃபெசோர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். சத்தம் போதாது என்று படிக்கட்டிலிருந்து பெண்கள் கத்தினார்கள். இன்னொரு முறை சொன்னார்.

அதன்பிறகுதான் அவள் எழுந்தாள், அதுவும் ஐதே கைகொடுத்து. நினைவுக் கேடயத்தை நீட்டினார்கள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

சொன்னபடியே அடுத்த வருடம் பெண்கள் டீம் ஆறு ஆடின. நியாயம் பார்த்துக் கொடுத்தார்கள் என்று யாரும் நினைக்கவேண்டாம். பயந்து கொடுத்தார்கள். தொடக்க நாள் காலையில் வானொலியில் கொன்ஃபெசோர் பேசினார். பெண்களை அந்தக் கூரைக்கடியில் கொண்டுவரவேண்டும் என்பது தன் இளமைக்காலக் கனவு என்றார், பல தடைகளைத் தாண்டி அதை நிறைவேற்றினேன் என்றார்.

மிக்தாலியா அடுப்பை அணைத்தாள், ஷூவைப் போட்டுக்கொண்டாள், மேட்டிலிருந்து இறங்க ஆரம்பித்தாள். வானொலி நிலையத்தில் நேரடி ஒலிபரப்பு மதியம் வரை உண்டு.