இழுப்பு

ஆய்வகத்தில் அவள் செய்யும் வேலைக்குப் பெயர் இழுப்பு. தண்ணீருக்குள் ஒரு ரப்பர் தாள். அதன்மேல் இரண்டே மூலக்கூறு கனத்தில் கொழுப்புச் சவ்வு. இடுக்கியில் மாட்டி ரப்பரை மெல்ல இழுப்பாள். வீட்டில் தையல்கார அண்ணனுக்கும் இழுப்பு. அது மூச்சில்.

“ரெண்டு பேருக்கும் இழுப்புதான். இவளுக்கு மட்டும் சம்பளம் குடுக்குறாங்க” என்பார், ஊசியில் நூல் கோத்தபடி.

சவ்வு தானாக அதிகம் நீளாது. ரப்பர் விரியும்போது, பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் கொழுப்புத் துளிகளை இழுத்துக்கொண்டு ஈடுகொடுக்கும். ரப்பரைச் சுருக்கினால் மிச்சத்தைக் குழல் குழலாக வெளியே தள்ளும். துளிகள் இருக்கும்வரை நுண்ணோக்கியில் படம் அழுக்காகத் தெரியும். அவை தீர்ந்ததும் பளிங்குபோல் ஆகிவிடும். அடுத்த இழுப்பில் சவ்வில் ஓட்டை விழும். படம் அழகாகிவிட்டால் அவள் கை தானாக நின்றுவிடும்.

அந்த வாரம் முழுக்க அண்ணனுக்கு மூச்சில் விசில் ஓயவில்லை.

“ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணே.”

“யூனிஃபார்ம் தைச்சு முடிச்சிட்டு வரேன். ஜவ்வு மாதிரி இழுக்காத.”

சனிக்கிழமை சாயங்காலம் அவள் கதவைத் திறந்தபோது தையல் மெஷினும் ஓடவில்லை, விசிலும் கேட்கவில்லை. அண்ணி உதட்டில் விரல் வைத்தாள்.

“மெதுவா வா. இழுப்பு நின்னுடுச்சு. இப்பதான் கண்ணசந்தார்.”

“எப்ப நின்னுது?”

“கொஞ்ச நேரம் இருக்கும். இதுக்கும் உனக்குக் கணக்கு வேணுமா?”

மெஷின்மேல் கவிழ்ந்திருந்த அண்ணன் தூங்கவில்லை. தோள்கள் ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்துக்குழி உள்ளே போனது. அத்தனை பாடுபட்டும் சத்தமே இல்லை. முதுகில் காதை வைத்தாள். இதயம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நகங்கள் நீலம். காலையில் நுண்ணோக்கியில் பார்த்த பளிங்குப் படம் அவள் கண்முன் வந்தது.

“அண்ணி, ஆம்புலன்ஸ கூப்பிடுங்க.”

“அதான் நின்னுடுச்சுங்கிறேனே.”

“காத்து போனாத்தான அண்ணி சத்தம் வரும்? கூப்பிடுங்க.”

அண்ணன் தலையைத் திருப்பினார். “சம்பள...” என்றார். மிச்சத்துக்கு மூச்சில்லை.

வண்டியில் அவருக்கு முகமூடி மாட்டி மருந்துப் புகை விட்டார்கள். அவள் அவர் முதுகிலிருந்து காதை எடுக்கவில்லை. சின்ன வயதில் தலையணைக்குள் முகம் புதைத்துத் தப்பிக்கப் பார்த்த அந்த விசிலுக்காகக் காத்திருந்தாள். வண்டி இரண்டு தெரு தாண்டிவிட்டது. இன்னும் கேட்கவில்லை.