லேபிள் புரோகிராமுக்கு வைரஸ் பட்டம்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் சிஸ்டம்ஸ் இன்சார்ஜ். 2011இல் ஒரு காலை, நான் சீட்டில் உட்காருவதற்குள் பேக்கிங் சூப்பர்வைசர் ஏழுமலை போன் செய்தார். வடக்குப்பட்டுக்காரர், சாதாரணமாகக் கத்த மாட்டார்.

“மேடம், லேபிள் வரல. ஐகானையே காணோம். வண்டி கேட்டாண்ட நின்னுகினு கீது. இன்னா பண்றது?”

பார்கோடு லேபிள் இல்லாத பெட்டியை மறைமலை நகர் கஸ்டமர் உள்ளேயே விடமாட்டார். சரக்கு போகாவிட்டால் அவர்கள் லைன் நிற்கும். அவர்கள் கார் உற்பத்தி நின்றால் எங்கள் கதை கந்தல்.

அந்த லேபிள் புரோகிராமை எழுதியவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கம் ஊர், குன்றத்தூரில் ரூம், என்னிடம் கான்ட்ராக்ட் வேலை. லேபிள் சாஃப்ட்வேரை விலைக்கு வாங்க மேலிடம் ஒப்புக்கொள்ளாததால், இலவசமாகக் கிடைத்த ஓப்பன் சோர்ஸ் கருவிகளை வைத்தே எழுதினான். ஆபரேட்டர் டபுள் கிளிக் செய்தால் ஓட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டிக் கொடுத்தான். ஒரு வருடத்துக்கு மேல் மக்கர் செய்யாமல் ஓடியது. அவனை நிரந்தரமாக்கும் ஆர்டர் பிளான்ட் ஹெட்டின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

அன்று வந்த ஆன்டிவைரஸ் அப்டேட், அந்த ஃபைலை வைரஸ் என்று முடிவுகட்டி ஒதுக்கிப் பூட்டிவிட்டது. வைரஸ்களும் அப்படி ஒரே ஃபைலாகக் கட்டித்தான் வரும் என்பதால், அத்தகைய ஃபைலைக் கண்டாலே அதற்குச் சந்தேகம். நான் ஃபைலைச் சோதித்து மீட்டு, ஸ்கேனிலிருந்து விலக்கு கொடுத்தேன். லேபிள் வந்தது, வண்டி கிளம்பியது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பிளான்ட் ஹெட் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு பத்திரிகை. அதில் அதே ஆன்டிவைரஸ் கம்பெனியின் அறிக்கை. ஓப்பன் சோர்ஸ் கோடு எல்லோர் கண்ணிலும் படுவதால் வைரஸ் எழுதுகிறவர்களுக்கு அது வசதி என்று சொல்லியிருந்தார்கள்.

“படிச்சியாம்மா? ஓசில கிடைச்சதப் போட்டு உன் ஆளு வைரஸ உள்ள விட்டுட்டான்.”

“சார், அது வைரஸே இல்ல. ஆன்டிவைரஸ்தான் தப்பா பிடிச்சிருக்கு.”

“உலகம் பூரா விக்கிறவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

விற்கிறவன் என்று அவர் வாயிலிருந்தே வந்தது. அவருக்குத்தான் உறைக்கவில்லை.

இசக்கியின் கேட் பாஸை அன்றே பிடுங்கினார்கள். ஷிப்ட் பஸ்ஸுக்கு நின்ற கூட்டத்தின் முன்னால் அவன் பையைக் கொட்டி, பென் டிரைவ் இருக்கிறதா என்று செக்யூரிட்டி துழாவினார்கள்.

ஃபைலை ஆன்டிவைரஸ் கம்பெனிக்கே அனுப்பினேன். கொஞ்ச நாளில் அவர்கள் வெப்சைட்டின் ஒரு மூலையில் சின்ன அறிவிப்பு வந்தது: தவறுதலாக வைரஸ் என்று காட்டியது சரிசெய்யப்பட்டது, சிரமத்துக்கு வருந்துகிறோம். பத்திரிகைக்கு அதெல்லாம் போகாது. பிரின்ட் எடுத்துப் பிளான்ட் ஹெட் முன் வைத்தேன்.

“அதான் சரியாயிடுச்சில்ல? அனுப்பினவன திரும்பக் கூப்பிட்டா தப்பு நம்ம மேலன்னு ஆயிடும். விடும்மா.”

ஆள் வேண்டாம், அவன் எழுதியது மட்டும் வேண்டும். அந்தப் புரோகிராம்தான் தினமும் லேபிள் அடித்தது.

அடுத்த ஆண்டு அதே ஆன்டிவைரஸ் கம்பெனி ஈமெயிலில் வரும் வைரஸை வடிகட்டும் பெட்டி ஒன்றை விற்க வந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ். “ஓப்பன் சோர்ஸ் சார், நாலு பேர் பாத்து செக் பண்ண கோடு, நம்பலாம்” என்றார் சேல்ஸ்காரர். பிளான்ட் ஹெட் தலையாட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாதுகாப்பைப் பற்றி எந்தக் கம்பெனி அறிக்கை விட்டாலும், அவர்கள் எதை விற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அறிக்கையை நம்பி ஒரு ஆளைக் கைகாட்டாதீர்கள்.

பெட்டிக்குக் கையெழுத்தான அன்று மாலை இசக்கிக்குப் போன் செய்தேன். ஊரோடு போய்விட்டிருந்தான். ஆன்டிவைரஸ் கம்பெனி தப்பை ஒத்துக்கொண்டதையும் பெட்டி வந்த கதையையும் சொன்னேன்.

“வெப்சைட்ல போட்டா ஊருக்குத் தெரியுமா மேடம்? வைரஸ் விட்டு மாட்டிக்கிட்டாம்னுல்லா இங்க பேசுதாவ” என்றான். பிறகு, “எங்க அப்பாவே கேட்டுட்டாவ, நெசமாவே நீதான் விட்டியான்னு.”