பூட்டில் கட்டிய மஞ்சள் துணி

எங்கள் லயத்தில், தோட்டக் கூலிகளின் வீட்டு வரிசையில், யார் ஊருக்குக் கப்பல் ஏறினாலும் அவர்கள் பெட்டி என் வீட்டுக்குத்தான் வரும். மலாயாவில், சுங்காய்க்கு உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம் அது. நான் கள்ளுக்கடைப் பக்கம் போகாதவன். எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அதனால் எங்கள் வீடு பத்திரம் என்று லயமே முடிவு கட்டிவிட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. பெட்டியோடு வந்து நிற்பார்கள், ஆறு மாதம் என்பார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பெருமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். முட்டாள்.

இதற்கு ஒரு முறை இருந்தது. பெட்டியைப் பூட்டி, பூட்டின்மேல் மஞ்சளில் நனைத்த துணியைச் சுற்றி உடையவனே முடிச்சுப் போடுவான். சாவி அவன் இடுப்போடு போய்விடும். அவன் திரும்பி வந்து அவிழ்க்கும்வரை அந்த முடிச்சை யாரும் தொடக்கூடாது. தொட்டால் காய்ந்த மஞ்சள் உதிர்ந்து தெரிந்துவிடும். உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தாலும் சரி, முடிச்சு கலைந்திருந்தால் வைத்திருந்தவன் திருடன். விசாரணையே கிடையாது.

அடுத்த வீட்டுக்காரன் தகப்பனுக்கு ஊரில் உடம்பு மோசம் என்று கடிதம் வந்தது. பெண்டாட்டியையும் மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். மகளுக்குத் தை மாதம் இங்கேயே கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். ஈப்போவில் கூறைச்சேலைகூட எடுத்தாகிவிட்டது. அதை ஒரு மரப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டுவந்தான்.

"சேலையைக் கையோட கொண்டுபோயேன்டா," என்றேன்.

"எப்படிண்ணே? திரும்பி வாரப்ப நோய்க்குப் பயந்து பினாங்குத் தீவுல அடைச்சுப் போட்டு, துணிமணியெல்லாம் ஆவியில வேக வைக்கிறான். பட்டு என்னத்துக்கு ஆகும்?"

அவன் பெண்டாட்டி சிரித்தாள். "என்னைக்கூட நம்பமாட்டாரு அண்ணே. ஒங்களைத்தான் நம்புவாரு."

நாலு செங்கல் அடுக்கி அதன்மேல் பெட்டியை வைத்தேன். சுவரை ஒட்டி வைத்ததுதான் தப்பு. மூன்றாம் மாதம் மழை பிடித்தது. சுவர்த்தூணின் பின்பக்கமாகக் கரையான் ஏறியிருக்கிறது. என் மனைவி கூட்டும்போதுதான் பார்த்தாள். மண்ணைச் சுரண்டினேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன். பெட்டியைத் தூக்கினால் அடியிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. உள்ளே போய்விட்டது என்று குழந்தைக்குக்கூடத் தெரியும்.

"ஒடைங்க," என்றாள் என் மனைவி.

மறுநாள் விடியலில் பெரட்டுக்களத்தில் ஆள் கணக்கெடுத்து முடிந்ததும், எல்லார் முன்னாலும் கங்காணியிடம் சொன்னேன். கரையான் ஏறிவிட்டது, நாலு பேரோடு வந்து நில்லுங்கள், உங்கள் முன்னால் பூட்டை உடைக்கிறேன் என்றேன்.

"நானா?" என்றார் கங்காணி. "நாளைக்கு அவன் வந்து உள்ள மோதிரம் இருந்திச்சும்பான். நான் பதில் சொல்லவா? எனக்கு எதுக்குய்யா இந்த சூசா, இந்தத் தொந்தரவு? நான் வரமாட்டேன். நீயும் ஒடைக்காத."

வரிசையில் நின்ற ஒருவன், "என்ன மச்சான், உள்ள என்ன இருக்குன்னு பாக்க ஆசை வந்திருச்சா?" என்றான். வரிசையே சிரித்தது. இரண்டு பேரைத் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் முடியாதுலா," என்று வாளியை எடுத்துக்கொண்டு பால்மரம் சீவப் போய்விட்டார்கள்.

தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி ஊருக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து பெட்டியைத் தூக்கி வெயிலில் வைத்தேன். போகிறவன் வருகிறவனெல்லாம் பெட்டிக்குக் காய்ச்சலா என்று கேட்டான். என் மனைவி தினமும் சொன்னாள், உடையுங்கள் உடையுங்கள் என்று. நான் உடைக்கவில்லை. அதற்கு நியாயம் எதுவும் சொல்லப்போவதில்லை. பயந்தேன். திருடன் என்று ஒரு சொல் வந்துவிடுமே என்று பயந்தேன். ஒரு பெண்ணின் கல்யாணச்சேலை உள்ளே மண்ணாகிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே, மஞ்சள் உதிராமல் பார்த்துக்கொண்டேன்.

மார்கழியில் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்த கதை கேட்க லயமே எங்கள் வாசலில் கூடியிருந்தது. கங்காணியும் இருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக்காரன் குனிந்து முடிச்சைத்தான் முதலில் பார்த்தான்.

"அப்படியே இருக்குண்ணே. சாமி மாதிரி ஆளு நீங்க," என்றான்.

"முதல்ல தெற," என்றேன்.

திறந்தான். உள்ளே புற்று. அந்தப் பெண் கையை விட்டுச் சேலையைத் தூக்கினாள். சரிகைக் கரை மட்டும் நீளமாக வந்தது. மற்றதெல்லாம் அவள் விரலிடுக்கில் தூளாகக் கொட்டியது. அவள் அழவில்லை. அந்தக் கரையைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் அம்மாதான் கத்தினாள். "கரையான் ஏறறதப் பாத்துக்கிட்டு கையக் கட்டிக்கிட்டா இருந்தீங்க? முடிச்சா பெரிசு? அவுத்து எடுத்து வெளிய வைக்கத் தெரியாதா?"

"அதானே," என்றார் கங்காணி. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு பேர வச்சுத் தெறந்திருக்கலாமே."

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. "சொன்னேன்யா! பெரட்டுல ஒன் மூஞ்சிக்கு நேரா சொன்னேன்!" என்று கத்தினேன். அவர் வெற்றிலையைத் துப்பப் போகிறவர்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று வரிசையில் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் நின்றார்கள். ஒருவன், ஒரே ஒருவன், ஆமாம் சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஏதோ அது பேசும் என்பதுபோல.

என் மனைவி உள்ளே போய்த் தன்னுடைய கூறைச்சேலையை எடுத்துவந்து அந்தப் பெண் கையில் வைத்தாள். எங்களிடம் இருந்த நல்ல துணி அது ஒன்றுதான்.

"நீ எதுக்குக் குடுக்கற?" என்று அவளிடமும் பாய்ந்தேன்.

"அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணிச்சு? நான் ஒடைங்கன்னேன். நீங்க கேக்கல."

அடுத்த வீட்டுக்காரன் ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்வான் என்று பார்த்தேன். சொல்லவில்லை. தையில் கல்யாணம் நடந்தது. சேலை கொஞ்சம் பழசு என்று பெண்ணின் அம்மா வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்.

மாசியில் கோடி வீட்டுக்காரன் தலையில் பெட்டியோடு வந்தான். இவ்வளவு நடந்த பிறகும்! கரையான் தின்றாலும் முடிச்சைத் தொடாத ஆள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டதாம்.

"வைக்கிறேன்," என்றேன். "துணி கட்ட வேண்டாம். சாவியையும் குடுத்துட்டுப் போ. பூச்சி வந்தா நான் தெறப்பேன்."

"சாவியா?" அவன் கை தானாக இடுப்புக்குப் போனது. "என்னண்ணே, வெளையாடுறீங்களா? உள்ள எல்லாம் இருக்குண்ணே."

"இருக்கட்டும். குடு."

அவன் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெட்டியைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான். அவனுக்குப் பிறகு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரிடமும் அதையேதான் கேட்டேன். ஒருவன்கூடச் சாவியை அவிழ்க்கவில்லை.