பிரஷர் ஃபுட்டுக்கு வைத்த பொட்டு

என் மனைவிக்கு உள்ளங்கை ஓயாமல் வியர்க்கும். பனியன் கம்பெனியில் அவள் ஓவர்லாக் டெய்லர். அவள் கை பட்டுப் பட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் ஃபுட் துருவேறி, வெள்ளை பீஸில் கறை விழுந்தது. "இன்னொரு பீஸ் கறையாச்சுன்னா கைமடிக்குப் போயிருங்க" என்று சூப்பர்வைசர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். கைமடி என்றால் அடுத்தவர் தைத்ததை மடித்துக் கொடுப்பது. பதினோரு வருடம் தைத்தவள் அன்று சோறு தின்னவில்லை.

நான் வேறொரு கம்பெனியில் மெக்கானிக். "கழட்டிட்டு வா அம்மிணி, நீலம் ஏத்தித் தர்றேன். துரு அண்டவே அண்டாது" என்று பீற்றிக்கொண்டேன்.

ஆயுத பூஜை லீவுக்கு, கேட்டு வாங்கி வந்தாள். பூஜையன்று காலையில் ஃபுட்டையும் அதன் திருகுகளையும் எமரித் தாளில் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, கோயம்புத்தூரில் வாங்கிய திராவகத்தில் முக்கினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எஃகு கருநீலமானது. அடேயப்பா! கழுவித் துடைத்து, லைன் வீடு முழுக்கக் கொண்டுபோய்க் காட்டினேன்.

திரும்பி வந்ததும் அவள் வாங்கிக்கொண்டாள். "பக்கத்து ஊட்டுக்கெல்லாம் காட்டியாச்சு, முருகனுக்குக் காட்ட வேண்டாமுங்களா?" இலவசக் கலர் டிவிக்கும் என் ஸ்பேனர்களுக்கும் நடுவில் வைத்து, ஃபுட்டுக்கும் ஒவ்வொரு திருகுக்கும் சந்தனப் பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது.

மறுநாள் எடுத்தால், பொட்டு வைத்த இடமெல்லாம் துரு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சந்தனத்துல தண்ணி இருக்குதுன்னு தெரியாதா? கெடுத்துப்போட்டியே!"

"தெரியாம வெச்சுப்போட்டனுங்க" என்றவள், முருகன் படத்தின் முன் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

திராவகம் தீர்ந்துவிட்டது. துருவைத் தேய்த்து எடுத்துக் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் தாங்கியது. அப்புறம் ஒரு வெள்ளை பீஸில் கறை. கைமடிக்குப் போனாள்.

நீலம் ஏற்றிக் கழுவியதும் எண்ணெயில் ஊறப்போட வேண்டும். துருவைத் தடுப்பது முக்கால்வாசி அந்த எண்ணெய்தான். ஊர்கோலம் போன குஷியில் நான் ஒரு சொட்டு எண்ணெய் விடவில்லை. தேய்க்கும்போதே பார்த்தேன், பொட்டே படாத அடிப்பக்கத்திலும் அதே துரு. வெட்கமாகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை, இன்று வரைக்கும்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு அம்மி, சைக்கிள், கேஸ் அடுப்பு எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறாள். என் ஸ்பேனர்களை மட்டும் என்னிடமே தள்ளிவிடுகிறாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. எங் கைராசி சரியில்லீங்க."