ஏழுமலையிடம் சொல்லாமல் விட்டது

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலை போய் வந்தேன். சாமி கும்பிடப் போகவில்லை, கிரிவலமும் சுற்றவில்லை. அடி அண்ணாமலையில் இருக்கும் ஒருவரிடம் இரண்டு வருடங்களுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லப் போனேன். போகிறவர்களுக்கு உதவும் என்று நேரத்தையும் கட்டணத்தையும் குறித்திருக்கிறேன். மற்றதையும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மயக்க மருந்துப் பிரிவில் உதவியாளராக இருக்கிறேன். தூக்கத்தில் மூளையும் உடம்பும் என்ன செய்கின்றன என்று பார்ப்பது எங்கள் வேலை. ஆனால் தூக்கம் நாம் கூப்பிட்ட நேரத்துக்கு வராது. தலை முழுக்க ஒயர் ஒட்டி, பக்கத்தில் நாலு பேர் நின்று பார்த்தால் யாருக்குத்தான் கண் அசரும்? அதனால், விருப்பப்பட்டு வருகிறவர்களுக்கு மருத்துவர் மயக்க மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார். ஆழ்ந்த தூக்கத்தில் வருவது மாதிரி மெதுவான, பெரிய அலைகள் மூளையில் எழும். அப்போது மூச்சும் இதயத் துடிப்பும் உடல் சூடும் எப்படி மாறுகின்றன என்று குறித்துக்கொள்வோம். அது தூக்கத்தைப் போன்ற ஒன்று, தூக்கமே அல்ல.

அப்படி வந்தவர்தான் ஏழுமலை. நாற்பது வயதுக்குப் பக்கம், காய்கறி லோடு ஏற்றும் மினி லாரியின் டிரைவர். கொஞ்சம் மருந்து ஏறியதுமே அவர் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வந்தது. மருத்துவர் தாடையைத் தூக்கிப் பிடித்துச் சரிசெய்தார். "வீட்லயும் தூக்கத்துல இவருக்கு இப்படித்தான் ஆகும்னு நினைக்கிறேன். ராத்திரி சரியா தூங்காம பகல்ல கண்ணு சொக்கும். வண்டி ஓட்டறவரு. எழுந்ததும் சொல்லி, டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னார். நானும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். ஏழுமலை எழுந்தபோது அரைமயக்கத்தில் இருந்தார், அடுத்த ஆள் வெளியே காத்திருந்தார். போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் மறந்தே போனேன்.

மார்கழியில் பழைய பதிவுகளைச் சரிபார்த்தபோது என் கையெழுத்தே என் கண்ணில் பட்டது. அவர் எண்ணுக்கு அடித்தால், உபயோகத்தில் இல்லை என்றது. படிவத்தில் ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது.

கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்கு அரசுப் பேருந்து. டிக்கெட் 165 ரூபாய். திண்டிவனத்தில் பத்து நிமிடம் நின்றது, செஞ்சியில் டீ குடித்தேன். இடப்பக்கம் உட்காராதீர்கள், வெயில் நேராக முகத்தில் அடிக்கும். 10.40க்குத் திருவண்ணாமலை. அங்கிருந்து அடி அண்ணாமலை ஏறக்குறைய எட்டு கிலோமீட்டர். ஆட்டோவில் போகவர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நானூறுக்குப் பேசினேன்.

"லாரி ஏழுமலையா? இப்ப லாரி ஏது? கிரிவலப் பாதையில கடை வச்சிகிறாரு" என்றார் ஆட்டோக்காரர்.

"ஏன், என்ன ஆச்சு?"

"வண்டிய கொண்டுபோயி புளியமரத்துல வுட்டாருங்க. ஒரு வருஷம் ஆவுது. பட்டப்பகல்ல. சரக்கு அடிச்சிருந்தாருன்னு பேச்சு."

அதன்பிறகு வழியில் எதையும் நான் பார்க்கவில்லை. மலை வலப்பக்கம் வந்ததா, இடப்பக்கம் வந்ததா என்று கேட்டால்கூட எனக்குத் தெரியாது.

தகரக் கொட்டகைக் கடை. கற்பூரம், தண்ணீர் பாட்டில், முறுக்கு. ஏழுமலை ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் மூன்று இடத்தில் எலும்பு முறிந்து, வலது கால் குட்டையாகிவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"தலையில ஒயர் ஒட்டுன மேடம் தானே? வசந்தா, டீ வாங்கியா. அன்னிக்கி அங்க தூங்குன மாரி அப்புறம் ஒரு நாளும் தூங்கல மேடம்."

டீ வரும்வரை பொறுக்க முடியவில்லை. அவர் மனைவி வசந்தாவையும் நிறுத்தி, நடந்ததை அப்படியே சொன்னேன். மருத்துவர் சொன்னது, நான் எழுதியது, சொல்லாமல் அனுப்பியது, எல்லாம்.

வசந்தாதான் முதலில் பேசினார். "ராத்திரில கொறட்டை வுடுவாரு, திடீர்னு நின்னுடும். அப்புறம் மூச்சு முட்டுன மாரி எழுந்து குந்திக்குவாரு. அதுவாங்க?"

"அதேதாங்க."

"நா குடிக்கலன்னு எத்தினி வாட்டி சொன்னேன்" என்றார் ஏழுமலை, மனைவியைப் பார்க்காமல். "கண்ணு அசந்ததே எனக்குத் தெரியல. மரம்தான் தெரிஞ்சிது."

வசந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆஸ்பத்திரி கட்டில்ல வச்சி சத்தியம் பண்ணச் சொன்னேங்க. பண்ணாரு. அப்பவும் நா நம்பல."

ஆட்டோவில் சாய்ந்து நின்ற ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க குடிக்கலன்னு ஸ்டேண்டுல நா சொல்லிடறேண்ணே" என்றார் மெதுவாக.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லிருக்கலாமே மேடம்?"

"சொல்லியிருக்கணும்ங்க. மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்களா" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் அதே ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் எங்கள் பதிவின் நகலைக் கொடுத்தேன். தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். வசந்தா கேட்டதால், நடந்ததை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். மாலை 4.50 பேருந்தில் ஏறி, இரவு ஒன்பதரைக்குச் சென்னை வந்து சேர்ந்தேன்.

பரிசோதனை முடிவு மாசியில் வந்தது. அன்று எங்கள் மருத்துவர் நினைத்ததேதான். இப்போது ஏழுமலை, மூச்சுக்குழாய் அடைக்காமல் காற்றைச் செலுத்தும் முகமூடியை மாட்டிக்கொண்டு தூங்குகிறார், மூச்சு நிற்பதில்லை என்று வசந்தா போனில் சொன்னார். ஏழுமலை பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது வருகிறவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவர்கள் கையெழுத்து வாங்காமல் யாரையும் அனுப்புவதில்லை. ஏழுமலையின் காலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

திருவண்ணாமலை போகிறவர்கள் பௌர்ணமியைத் தவிர்த்தால் ஆட்டோ சுலபமாகக் கிடைக்கும். தண்ணீர் எடுத்துப் போங்கள், பாதையில் நிழல் கம்மி. இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கியும் பகலில் உங்களுக்குக் கண் சொக்கினால், வண்டியை எடுக்கும் முன் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எங்களைப் போன்றவர்களின் ஆய்வுக்கு எப்போதாவது வந்தால், மயக்கம் தெளிந்ததும் "என் உடம்புல என்ன பார்த்தீங்க?" என்று கேளுங்கள். நாங்கள் அவசரப்படுவோம், அப்புறம் போனில் சொல்கிறோம் என்போம். பதில் வரும்வரை கட்டிலை விட்டு இறங்காதீர்கள்.